எங்கள் ஜீப்பில் ஒரு காலி இடம்

கர்த்தருக்குள் பிரியமான என் சபையாருக்கு ஸ்தோத்திரம். நான் ஜீப் ஓட்டுகிறவன். எனக்கு ஹார்ன் அடித்துப் பழக்கமே தவிர, நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் இந்தக் காரியத்தைச் சொல்லாமல் விட்டால் என் மனைவி எனக்குச் சோறு போடமாட்டாள். அவள் இன்று உயிரோடு இருந்து எனக்குச் சோறு போடுகிறாளே, அதுதான் நான் சொல்ல வந்த சாட்சி.

போன வருஷம் ஐப்பசி மாதம். ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கம்பம்மெட்டு தாண்டி ஏலத்தோட்டத்து வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளேயே கால் நீட்டிப் படுத்திருந்தேன். காலையில் புதுப்பட்டியிலிருந்து ஏலக்காய் எடுக்கும் பெண்களை ஏற்றி வருவேன். சாயங்காலம் திரும்ப இறக்கிக் கொண்டுவருவேன். நடுவில் எனக்கு உறக்கம்தான் வேலை. என் மனைவி ரெபேக்காளும் அந்தப் பெண்களோடு காய் எடுக்கிறவள். நான் உறங்குவதைப் பற்றி அவளுக்குத் தனியாக ஒரு அபிப்பிராயம் உண்டு, அதை இங்கே சொல்லத் தேவையில்லை.

திடீரென்று தோட்டத்துக்குள்ளிருந்து அலறல். ஒருவர் இருவர் இல்லை, எல்லோரும் அலறினார்கள். நான் யானைதான் வந்துவிட்டது என்று நினைத்தேன். எழுந்து ஓடினால், பெண்கள் தலையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு நாலா பக்கமும் சிதறி வருகிறார்கள். காலையில் அடித்த காற்றில் ஒடிந்து தொங்கிய மரக்கிளை ஒன்று கீழே விழுந்திருக்கிறது. அதில் கடந்தைக் கூடு. கடந்தை என்றால் சாதாரணக் குளவி இல்லை, விரல் நீளம் இருக்கும், ஒன்று கொட்டினாலே ஆள் உட்கார்ந்துவிடுவான்.

ரெபேக்காள் தப்பித்து ஓடியிருக்கலாம். அவளுக்குப் பக்கத்துச் செடியில் காய் எடுத்துக்கொண்டிருந்தவர் பேச்சியம்மாள் அத்தை. அத்தைக்கு மூட்டுவலி, சட்டென்று எழுந்திருக்க முடியாது. ரெபேக்காள் தன் தலையில் போட்டிருந்த சாக்கை உருவி அத்தை மேல் போர்த்தி, அதன் மேல் தானும் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். அத்தைக்குக் கையில் மட்டும் கொட்டியது. மிச்சத்தை எல்லாம் இவள் வாங்கிக்கொண்டாள்.

புகை போட்டு விரட்டி, இவளைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். அந்த முகத்தை நான் பார்த்தேன். கண் இரண்டும் மூடி, உதடு தடித்து, யாரோ ஒரு அந்நியப் பெண் போல இருந்தாள். கட்டியிருந்த சேலையை வைத்துத்தான் இவள் என் மனைவி என்று எனக்கு உறுதியானது. மூச்சு விடும்போதெல்லாம் தொண்டைக்குள் விசில் அடிப்பதுபோல் ஒரு சத்தம்.

தோட்டத்து சூப்பர்வைசர் ஒரு மலையாளி. நல்ல மனிதர். "ஜெயசீலா, நிக்கண்டா, வேகம் கம்பத்துக்கே கொண்டுபோ. நெடுங்கண்டம் ஆஸ்பத்திரிக்குப் போற ரோட்ல மரம் விழுந்து கெடக்கு" என்று அவரே பின்கதவைத் திறந்துவிட்டார். ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள். அது அடிவாரத்திலிருந்து மலை ஏறி வந்து, மறுபடி இறங்க வேண்டும். அதற்குள் நாமே இறங்கிவிடலாம் என்று ரெபேக்காளைப் பின்னால் ஏற்றினேன். பேச்சியம்மாள் அத்தை மடியில் தலை, இன்னும் இரண்டு பெண்கள் மடியில் உடம்பும் காலும். முன்னால் எனக்குப் பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது. அந்த அவசரத்திலும் அங்கே யாரும் உட்காரவில்லை.

ஏன் உட்காரவில்லை என்பதை நான் இப்போது சொல்லியாக வேண்டும். ரோட்டில் நடந்ததை அதற்குப் பிறகு சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஜீப்பை நான் தேவதானப்பட்டியில் ஒரு சகோதரரிடம் வாங்கினேன். அவர் பெரிய பக்திமான். வண்டியின் நெற்றியில், கண்ணாடிக்கு மேலே, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி மஞ்சள் எழுத்தில் "இயேசு நம்மோடு வருகிறார்" என்று எழுதி வைத்திருந்தார். பின்னாலும் அதே. எனக்கும் இயேசு மேல் விசுவாசம் உண்டு. பிறந்ததிலிருந்து சபைக்குப் போகிறேன், பாட்டுப் பாடுகிறேன், கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டுகிறேன். ஆனால் அதை நெற்றியில் எழுதிக்கொண்டு மலை ஏறுகிற அளவுக்கு இருந்ததா என்றால், இல்லை. எங்கள் தொழிலில் வண்டி நெற்றியில் பிள்ளைகள் பேர்தான் இருக்கும். நானும் அந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு எங்கள் மகள் பேரை எழுத நினைத்தேன்.

ரெபேக்காள் விடவில்லை. "ஆண்டவர் பேரச் சுரண்டிட்டு அங்கன மக பேர எழுதுவீகளோ? அப்படி எழுதுனா இந்த வண்டில நான் கால் வைக்க மாட்டேன், பாத்துக்கங்க" என்றாள். வாசலில் நின்று சொன்னதால் தெருவே கேட்டது. எழுத்து அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த நாளே வினை ஆரம்பித்தது. எங்கள் பக்கம் ஜீப்பில் ஆள் ஏற்றுகிற முறை உங்களுக்குத் தெரியும். முன்னால் டிரைவரோடு மூன்று பேர் நெருக்கி உட்காருவார்கள். பின்னால் கணக்கே கிடையாது, கதவு மூடினால் சரி. நானும் அப்படித்தான் ஏற்றினேன். பேச்சியம்மாள் அத்தைக்குப் படிக்கத் தெரியாது. நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று ரெபேக்காளைக் கேட்டார். இவள் சொன்னாள். அத்தை வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். திரும்ப எழுத்தைப் பார்த்தார்.

"ஏப்பா சீலா, எங்களத்தான் புளி மூட்ட மாதிரி அடைச்சுட்டயே. அவரு எங்கன உக்காருவாரு?"

வண்டி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் மெட்டு ஏறி இறங்குகிறவரைக்கும் அந்தக் கேள்வி காதிலேயே நின்றது. மறுநாள் அத்தையைக் கேலி செய்வதற்காகவே முன்சீட்டில் ஒரு ஆள் இடத்தைக் காலியாக விட்டேன். "இந்தா அத்தே, அவருக்கு எடம் போட்டாச்சு, திருப்திதானே?" என்றேன். அத்தை கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. "இப்பத்தான் மரியாத" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார்.

அத்தை தினமும் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வேலைக்கு வருகிறவர். ஆனால் அன்றிலிருந்து அந்த இடத்துக்கு அவர்தான் காவல். யாராவது தெரியாமல் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார். "ஏத்தா, அங்கன உக்காராத, அது ஆளு வர்ற எடம்" என்பார். விளையாட்டாகத் தொடங்கியது வழக்கமாகிப் போனது. முன்னால் ஒரு இடம் விட்டபின், பின்னால் மட்டும் எப்படி அடைப்பது? அங்கேயும் குறைத்தேன். வண்டி லேசாக ஏறியது, பெண்கள் கால் மரத்துப் போகாமல் இறங்கினார்கள். ரெபேக்காளுக்கு ஒரே பெருமை.

எனக்குத்தான் வேறு இடத்தில் அடி விழுந்தது. கம்பம்மெட்டு ரோட்டு வளைவுகளில் ஒரு மரியாதை உண்டு. ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவன் நிற்க வேண்டும், தேவைப்பட்டால் பின்னால் எடுத்து ஒதுங்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் வீடு திரும்பும் அவசரத்தில் எவனும் மதிப்பதில்லை. முட்டிக்கு முட்டி நின்றுகொண்டு, நீ எடு, நான் எடு என்று கத்துவார்கள். என் வண்டி வந்தால் மட்டும் கத்தலே இல்லை. எல்லோரும் ஒரே குரலில் சொல்லுவார்கள். "ஏண்ணே, இயேசுதான் கூட வர்றாருல்ல? நீங்க பின்னால எடுங்க."

எடுத்தேன். நான் ஏறும்போதும் பின்னால் எடுத்தேன், இறங்கும்போதும் பின்னால் எடுத்தேன். முன்னால் போனதைவிடப் பின்னால் போனதுதான் அதிகம் என்று என் கியர்பாக்ஸ் சாட்சி சொல்லும். டிரைவர்கள் எனக்கு "இயேசு ஜீப்பு" என்று பேர் வைத்துவிட்டார்கள். இதில் முன்னணியில் நின்றவன் முத்துப்பாண்டி. கூடலூர்க்காரன், என்னைவிட இளையவன், வாய் நீளம். வளைவில் என் வண்டியைப் பார்த்தால் கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்து ஆசீர்வாதம் வாங்குவதுபோல் நடித்துவிட்டுச் சர்ரென்று போய்விடுவான்.

ஒருநாள் வெளியூர்க் கார்க்காரன் ஒருவன் என் வண்டியை உரசிவிட்டு, அவனே என்னைத் திட்டினான். நான் கையை ஓங்கிக்கொண்டு இறங்கினேன். பின்னாலிருந்து அத்தை குரல். "சீலா, அவரு பாத்துக்கிட்டுல்ல இருக்காரு." ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. சைடு கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

பொறுக்கமாட்டாமல் நம் போதகர் ஐயாவிடம் போய் முறையிட்டேன். அவர் சபைக்குப் புதிதாக வந்திருந்த நேரம். என் தம்பி மகன் வயதுதான் இருக்கும். "ஐயா, அந்த எழுத்தால நான் ஒரு டிரைவரா வண்டி ஓட்ட முடியல. முந்த முடியல, திட்ட முடியல, ஒரு ஆளக் கூடுதலா ஏத்த முடியல. சுரண்டிரட்டுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"அண்ணே, எழுத்த ஒரு பிளேட வச்சுச் சுரண்டிரலாம். ஞானஸ்நானத்த எத வச்சுச் சுரண்டுவீக?"

வீடு வந்து சேரும்வரை அதையே யோசித்தேன். நான் ஏதோ வண்டிக்கு மட்டும்தான் எழுத்து என்று நினைத்திருந்தேன். என் நெற்றியிலும் அது இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. எழுத்து இருந்தது, இடமும் காலியாக இருந்தது, நானும் பின்னால் எடுத்துக்கொண்டே இருந்தேன். அப்படியே வருஷங்கள் ஓடின.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மெட்டுச் செக்போஸ்ட் தாண்டியதும் மூடுபனி. விளக்கைப் போட்டு, ஹார்னில் கை வைத்தபடி இறங்கினேன். பின்னால் அந்த விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்கும்வரை உயிர் இருக்கிறது என்று அர்த்தம். நடுவில் அது ஒரு நொடி நின்றது. அத்தை அவள் முதுகைத் தடவ, மறுபடி கேட்டது.

நான் ஜெபித்தேன். நீளமாக ஜெபிக்க வாயும் வரவில்லை, வார்த்தையும் வரவில்லை. முதலில் கணக்குப் பேசத்தான் மனசு போனது. ஆண்டவரே, இத்தனை வருஷம் நான் வழிவிட்டேனே என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் சொல்ல வெட்கமாக இருந்தது. அவரிடம் போய்ப் பாக்கி கேட்கிற மாதிரி இருந்தது. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "இயேசுவே, வண்டி நெத்தியில எழுதியிருக்கிறது இன்னைக்கு நிசமா இருக்கட்டும்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பாதி மலை இறங்கியிருப்பேன். ஒரு வளைவில் திரும்பினால், வரிசையாக வண்டிகளின் பின்விளக்கு. ரோடு அடைத்துக் கிடந்தது. இறங்கி முன்னால் ஓடிப் பார்த்தேன். கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றி வந்த லாரி ஒன்று வளைவின் நட்ட நடுவில் ஆக்சில் ஒடிந்து நிற்கிறது. வைக்கோல் லாரியைப் பார்த்திருப்பீர்கள், ஒரு வீடு நகர்ந்து வருவதுபோல் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு இருக்கும். ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மலையை ஒட்டி மழைத்தண்ணீர் ஓடுகிற ஓடை. நடுவில் பைக் மட்டும் போகலாம். மேலே சுற்றுலாக் கார்கள், கீழே ஏறி வந்த ஜீப்புகள், எல்லாம் நெருக்கி நிற்கின்றன.

திரும்பி வந்து ஸ்டியரிங்கில் தலையை வைத்தேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. வாய்விட்டு அழுதேன். என் பக்கத்தில் அந்தக் காலி இடம் இருந்தது. ஆண்டவரே, எங்கே இருக்கிறீர் என்று அதைப் பார்த்துக் கேட்டேன்.

பின்னாலிருந்து அத்தை அதட்டினார். "ஏலே சீலா, அழுகுற நேரமா இது? நீ உன் சாமியக் கூப்பிடு. நான் என் ஆத்தாளக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஹார்ன அடிடா!"

அடித்தேன். கையை எடுக்காமல் அடித்தேன். அந்தச் சத்தம் கேட்டு, லாரிக்கு அந்தப் பக்கம் கீழே நின்ற ஜீப்புகளிலிருந்து ஒருவன் மேலே ஏறி ஓடி வந்தான். முத்துப்பாண்டி. வழக்கம்போல் கேலி பேசத்தான் வந்தான் போல, முகத்தில் சிரிப்பு இருந்தது. "என்னண்ணே, இயேசு ஜீப்புக்கே கோவம் வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் எட்டிப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"ஐயய்யோ, மதினி!"

தோளில் கிடந்த துண்டை உருவித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ரோட்டில் ஓடினான். மலையெல்லாம் எதிரொலிக்கக் கத்தினான். "ஏலே, இயேசு ஜீப்புடா! மதினியக் கடந்த கொட்டிருச்சு! மூச்சு வாங்குறாகடா! வண்டிகள ஒதுக்குங்கடா!"

நான் பார்த்ததை அப்படியே சொல்லுகிறேன், ஒன்றும் கூட்டவில்லை. கதவுகள் திறந்தன. ஒவ்வொரு வண்டியிலிருந்தும் டிரைவர் இறங்கினான். ஓரத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்தவன் வந்தான், ஸ்டெப்பினி மேல் சாய்ந்து உறங்கியவன் வந்தான். யாருக்கும் நான் யார் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் எழுத்து எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க் கார்க்காரர்களை இறக்கிவிட்டு, அவர்கள் வண்டிகளை இவர்களே பின்னால் எடுத்து ஓரம் கட்டினார்கள். எந்த மனிதர்கள் என்னைத் தினமும் பின்னால் எடுக்க வைத்தார்களோ, அவர்கள் எல்லோரும் அன்று எனக்காகப் பின்னால் எடுத்தார்கள்.

லாரி மட்டும் அசையாது. ஓடைப் பக்கம் கொஞ்சம் இடம் இருக்கிறது, ஆனால் சக்கரம் ஓடைக்குள் இறங்கிவிடும். கல்லை உருட்டி உள்ளே போட்டார்கள். போதவில்லை. முத்துப்பாண்டி லாரியை அண்ணாந்து பார்த்தான். லாரிக்காரர் ஆண்டிபட்டிப் பக்கத்து ஆள், வயதானவர். அவன் வாய் திறப்பதற்குள் அவரே கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

"தள்ளுங்கப்பா கீழ! ஒரு நா வைக்கோல் வரலேன்னா மாடு ஒண்ணும் கோவிச்சுக்காது."

கட்டுக்கட்டாக வைக்கோல் இறங்கியது. இறுக்கிக் கட்டிய கட்டுகளை ஓடைக்குள் நெருக்கிப் போட்டு, மேலே கல், அதன் மேல் லாரியின் பலகை. ஒருவன் முன்னால் நின்று கை காட்ட, பத்துப் பன்னிரண்டு பேர் வண்டியின் பக்கவாட்டில் தோள் கொடுக்க, நான் ஒரு பக்கச் சக்கரத்தை வைக்கோல் மேல் ஏற்றினேன். வண்டி சாய்ந்தது. பெண்கள் கத்தினார்கள். வைக்கோல் அமுங்கியது, அமுங்கி நின்றது. தாண்டிவிட்டேன். நம் ஆண்டவருக்கு வைக்கோல் புதிதில்லை, பிறந்த அன்றே அதில் படுத்தவர்தானே என்று அப்புறம் நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அப்படியெல்லாம் நினைக்க யாருக்கு நேரம்?

தாண்டியதும் முத்துப்பாண்டி தன் வண்டிச் சாவியை வேறொருவனிடம் எறிந்துவிட்டு ஓடி வந்து ஏறினான். எனக்குப் பக்கத்தில், அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தான். ஒரு கால் வெளியே, பாதி உடம்பு வெளியே. வளைவுக்கு வளைவு துண்டை வீசிக் கத்திக்கொண்டே வந்தான். ஏறி வந்த வண்டிகள் எல்லாம் நின்று வழிவிட்டன. நடுவில் ஒருமுறை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நேரா பாத்து ஓட்டுண்ணே, மதினிக்கு ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல" என்றான்.

அத்தை அவனை அந்த இடத்திலிருந்து எழுப்பவில்லை.

கம்பத்தில் ஆஸ்பத்திரி வாசலில் அவனே இறங்கி ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தான். உடனே ஊசி போட்டார்கள், மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் அம்மா வெளியே வந்து, "தொண்டை வீங்கி அடைச்சுக்கிட்டே வந்துருக்கு. நேரத்துக்குக் கொண்டுவந்துட்டீங்க" என்றார். நேரத்துக்கு என்ற அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். போதகர் ஐயா வந்தார், சபையார் நீங்கள் எத்தனையோ பேர் வந்தீர்கள், உங்கள் ஜெபத்தை எல்லாம் நான் மறக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடியும் நேரத்தில் ரெபேக்காள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயசைத்தாள். குனிந்து காதை வைத்தேன்.

"பேச்சியத்தைக்கு ஒண்ணுமில்லயே?"

இல்லை என்றேன்.

"என் தூக்குச்சட்டி தோட்டத்துலயே கெடக்கு. எடுத்துட்டு வந்தீகளா?"

அல்லேலூயா! என் மனைவி திரும்பி வந்துவிட்டாள் என்று எனக்கு அப்போது உறுதியானது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, பக்கத்துக் கட்டில்காரர்கள் பயந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் முத்துப்பாண்டி இளநீரும் பன்னீர் திராட்சையும் வாங்கிக்கொண்டு வந்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "உன்னய ஆண்டவர்தாண்டா அனுப்பினார்" என்றேன். அவன் கூச்சத்தில் நெளிந்தான்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. ஒண்ணு சொல்லவா? உங்களக் கேலி பண்ணாத நாளில்ல. ஆனா பனி விழுற நேரத்துல, எதுக்க என்ன வருதுன்னு தெரியாம உசுரக் கையில புடிச்சுக்கிட்டு ஏறுவோம் பாருங்க, அப்ப உங்க மஞ்ச எழுத்து தெரிஞ்சா ஒரு நிம்மதி. இந்தாளு ஒதுங்கிருவாரு, நம்மள இடிக்க மாட்டாருன்னு. எங்க டிரைவருக எல்லாருமே சொல்லுவாக. அப்பேர்ப்பட்ட வண்டிக்குள்ள இருந்து அழுக சத்தம் கேட்டா எப்படிண்ணே சும்மா நிக்க முடியும்?"

நான் அந்த ரோட்டில் ஒருவரிடமும் சுவிசேஷம் சொன்னதில்லை. கைப்பிரதி கொடுத்ததில்லை. முனகிக்கொண்டே பின்னால் எடுத்தேன், அவ்வளவுதான். அந்த அரைமனசு வேலையைக்கூட ஆண்டவர் வீணாக்கவில்லை. நான் ஜெபித்தது அந்தச் சனிக்கிழமை மதியம். ஆனால் எனக்கான பதிலை அவர் எத்தனையோ வருஷமாக, ஒவ்வொரு வளைவிலும், என் கையாலேயே ஆயத்தம் செய்து வைத்திருந்தார். முத்துப்பாண்டிதான் இயேசு என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னால் அவனே அடிக்க வருவான். ஆனால் இயேசு எங்கே உட்காருவார் என்று அத்தை கேட்ட கேள்விக்கு, அந்த மலையில் எனக்குப் பதில் கிடைத்தது.

சபையாரே, விசுவாசம் வேறு, பிழைப்பு வேறு என்று நான் ரொம்ப நாள் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆள், திங்கட்கிழமை ஸ்டியரிங்கில் வேறு ஒரு ஆள். இப்போது அப்படி இருக்க முடியவில்லை. முன்னே முனகிக்கொண்டு பின்னால் எடுத்தேன், இப்போது சந்தோஷமாக எடுக்கிறேன். இரண்டுக்கும் கியர் ஒன்றுதான், மனசுதான் வேறு. வைக்கோல் லாரிக்காரர் மெட்டு ஏறும்போதெல்லாம் எங்கள் வீட்டில் காபி குடிக்காமல் போவதில்லை. ரெபேக்காள் அந்த மார்கழியிலிருந்தே மறுபடி காய் எடுக்கப் போய் வருகிறாள். கடந்தையைக் கண்டால் மட்டும் ஓடுகிறாள், நான் உறங்குவதைக் கண்டால் பழையபடி நின்று பேசுகிறாள்.

உங்களுக்கும் ஒரு நெருக்கம் வரலாம். ரோடு அடைத்து, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நிற்கலாம். அப்போது அவரைக் கூப்பிடுங்கள், கட்டாயம் வருவார். அதற்கு முன்னாலேயே உங்கள் பிழைப்பில், உங்கள் கடையில், உங்கள் தோட்டத்தில் அவருக்கு ஒரு இடத்தைக் காலியாக விட்டு வையுங்கள். அதில் யாரை உட்கார வைப்பார் என்பதை அவரே பார்த்துக்கொள்ளுவார்.

மழையில் எழுத்து வெளிறிவிட்டதால் போன மாதம் அதே மஞ்சளில் திரும்ப எழுதினேன். இப்போது சுரண்டுகிற பேச்சே இல்லை. போன வாரம் மார்க்கையன்கோட்டையிலிருந்து புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தாள். முன்சீட்டு காலியாக இருப்பதைப் பார்த்து ஏறப்போனாள். பின்னாலிருந்து பேச்சியம்மாள் அத்தை தடுத்தார்.

"ஏத்தா, அங்கன உக்காராத. அது ஆளு வர்ற எடம்."

"யாரு வருவாக?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அத்தை ரெபேக்காளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்.

"அது இப்பத் தெரியாதுத்தா. வழியிலதான் தெரியும். நீ வா, இங்கன என் பக்கத்துல உக்காரு."